அரக்குக் கோட்டும் அதன் லைனிங்கும்

1. மாடி அறை

சோமசுந்தரம் முதலாளி அவசரமாக மாடிக்கு வரச் சொன்னபோது, ஏதோ கல்யாணப் புடவையை எலி கடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பட்டுக் கடைக்காரர்கள் கிழிசலுக்கு ரஃபு போடுகிற என்னைத் தேடினால் வேறு காரணம் இருக்காது. தறியில் விழுந்த ஓட்டை, கடை ஆணி இழுத்த கிழிசல், இல்லாவிட்டால் எலி. ஊசிப் பையை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

மாடியில் புடவையே இல்லை. ஏசி போட்ட அறை. மேஜை மேல் ஒரு ஜோடி வெள்ளை பூட்ஸ், உள்ளங்கை அகல பக்கிள் வைத்த பெல்ட், கழுத்தில் கட்டுகிற பட்டுக் கைக்குட்டை, வலை நசுங்கிய ஒரு மைக். ஹேங்கர்களில் சட்டைகள். சுவரில் ஓர் ஆளின் பெரிய போட்டோ. நெற்றியில் விழுகிற முடி, காதுக்குக் கீழே இறங்கும் கிருதா, ஒரு முட்டியை மடக்கிக் கிடாரைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"யாருன்னு தெரியுதா எஸ்தரம்மா?" என்றார் முதலாளி.

"தெரியாம இன்னா. ஜெர்ரி தங்கையா. கூட்ஸ் வண்டிப் பாட்டு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அவர் பெண்ணுக்கு வரன் அமைந்த அன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஜெர்ரி தங்கையா தமிழில் ராக் அண்ட் ரோல் பாடியவர். ஹோட்டல் மேடையில் ஆரம்பித்து, சினிமாவில் பாடி, சிங்கப்பூர், கொழும்பு என்று சுற்றி வந்தவர். அந்த வகைப் பாட்டுக்காரர்கள் தோல் சட்டை போட்டால், இவர் மட்டும் எங்கள் ஊர்ப் பட்டில் கோட்டு தைத்துப் போடுவார். அரக்கு நிறத்தில் உடல், இரண்டு கைமுனையிலும் புடவைக் கரை, கரையில் வரிசையாக ஜரிகைக் கோபுரம். அந்தக் கோட்டோடு மேடையில் முட்டியால் சறுக்கி, கூட்ஸ் வண்டிப் பாட்டு முடியும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ரயில் மாதிரி ஊதுவார். கூட்டமும் சேர்ந்து ஊதும். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. பாட்டு இன்னும் ஆட்டோக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலாளி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். தலைமுறை தலைமுறையாகத் தறி, பிறகு கடை என்று வந்த குடும்பம். வாலிபத்தில் பொருட்காட்சி மைதானத்தில் ஜெர்ரியைப் பார்த்துவிட்டு வந்து கிருதா வளர்த்தாராம். அவருடைய அப்பா, தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் ஓர் அறை விட்டு, அன்றே மழிக்க வைத்தாராம். வளர்க்க முடியாத கிருதாவுக்குப் பதிலாகத்தான் இப்போது ஜெர்ரியின் பெல்ட்டும் பூட்ஸுமாக வாங்கி அடுக்குகிறார் என்று கடை ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

"இந்தத் துணிங்கள நீங்கதான் பாத்துக்கணும்" என்றார் என்னிடம்.

செத்தவர் துணியை வீட்டிலேயே வைக்க மாட்டார்கள், இவர் ஏசி போட்டு வைக்கிறாரே என்று எனக்குள் சிரிப்பு. ஆனால் கண் எனக்கு முன்னால் வேலையைத் தொடங்கிவிட்டது. ஜரிகை வைத்த சட்டையை மெல்லிய கம்பி ஹேங்கரில் மாட்டியிருந்தார்கள். ஜரிகையின் பாரம் தோளைத் தின்றுவிடும். பை பையாக அந்துருண்டை போட்டிருந்தார்கள். அது ஜரிகையில் பட்டால் கறுத்துப் போகும். மடித்து வைத்திருந்தவை எல்லாம் வாங்கிய நாளிலிருந்து ஒரே மடிப்பில் கிடந்தன. பட்டை மடிப்பு மாற்றி மடிக்காவிட்டால் மடிப்பிலேயே வெட்டிக்கொள்ளும். புடவைக்குத் தெரிந்ததெல்லாம் ராக் அண்ட் ரோலுக்கும் பொருந்தும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

என் அப்பா வாலாஜாபாத் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று சுமந்தவர். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, ஒரு முஸ்லிம் பாயின் கடையில் ரஃபு கற்றுக்கொண்டு, ஊர்ப் பட்டையெல்லாம் ஒட்டுப் போட்டே பிள்ளைகளைக் கரையேற்றினேன். ஒரு பாட்டுக்காரரின் துணிக்குக் காவல் இருப்பேன் என்று எந்த ஜோசியனும் சொல்லியிருக்க மாட்டான். சொல்லியிருந்தாலும் நாங்கள் ஜோசியம் பார்க்கிற குடும்பம் இல்லை.

2. கைக்குட்டை சுத்தமானது

அந்த அறையின் சட்டதிட்டமெல்லாம் ஒரு கைக்குட்டையால் வந்தது.

கடையில் தணிகாசலம் என்று ஒரு மேஸ்திரி. நல்ல வேலைக்காரர், வாய் அதிகம். பட்டில் கறை கண்டால் அவருக்குக் கை நிற்காது. ஒரு நாள் மாடிக்கு ஏதோ எடுக்கப் போனவர், ஜெர்ரியின் கழுத்துக் கைக்குட்டை அழுக்காகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். வியர்வை மஞ்சளும் மேடை மேக்கப்பும் படிந்த துணி. பாலிஷுக்குப் போகிற புடவைக் கட்டோடு அதையும் சேர்த்துவிட்டார். எங்கள் ஊரில் பட்டு எந்தக் கையில் பட்டாலும் புதுசாகித்தான் திரும்ப வேண்டும். அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கைக்குட்டை பளபளவென்று, அட்டை வைத்து, கவர் போட்டு வந்தது.

"கறை இருந்த எடமே தெரியல மொதலாளி. எப்டி வந்துக்கீது பாருங்க" என்று தணிகாசலமே பெருமையாக நீட்டினார்.

முதலாளி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இதுல ஜெர்ரி எங்கப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அன்று மதியம் அவர் சாப்பிடப் போகவில்லை. கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு, துக்க வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அழுக்குதான் சரக்கு என்பது எங்களுக்கு அன்றுதான் உறைத்தது.

மறுநாள் கதவில் சட்டம் ஒட்டிவிட்டார். துவைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, தைக்கக் கூடாது, தொங்குகிற நூலைக்கூட வெட்டக் கூடாது. ரஃபுக்காரியை வேலைக்கு வைத்துக்கொண்டு ஊசி தொடாதே என்பது, சமையல்காரியைக் கூப்பிட்டு அடுப்பைப் பற்றவைக்காதே என்கிற மாதிரி. ஆனால் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தபிறகு நானும் வாய் திறக்கவில்லை.

3. ஜூனியர் ஜெர்ரி

அந்த மாடி அறையில் எல்லாம் இருந்தது, அரக்குக் கோட்டைத் தவிர. போட்டோக்களில் ஜெர்ரி போட்டிருப்பது அதுதான். முதலாளி சென்னை முழுக்கத் தேடினார், சிங்கப்பூர் வரைக்கும் ஆள் விட்டுக் கேட்டார். கோட்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு தடவை அது கட்டைப்பையில் ஏறி என் வீட்டுக்கே வரும்.

கொண்டு வருகிறவன் சகாயம். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில் மெக்கானிக். என்னைவிட இளையவன், ஆனாலும் அறுபதை நெருங்கிவிட்டான். வாலிபத்தில் ஜெர்ரியின் குழுவில் பாங்கோஸ் மேளம் வாசித்தவன். ஜெர்ரிக்குத் தொண்டை கெட்டுப்போய், இனிப் பாட முடியாது என்றான கடைசிக் கச்சேரியில், மேடையை விட்டு இறங்கியதும் வியர்வையில் நனைந்த கோட்டைக் கழற்றி இவன் தோளில் போட்டிருக்கிறார்.

"ஆணியில மாட்டாதடா, ஆள்மேல மாட்டு" என்றாராம்.

அன்றிலிருந்து ஆடி மாதம் அம்மன் கோயில் திருவிழா, டிசம்பரில் சர்ச் விழா என்று சுற்றுவட்டார மேடைகளில் சகாயம்தான் ஜூனியர் ஜெர்ரி. குரல் அச்சு அசல் இல்லை. ஆனால் கோட்டை மாட்டிக்கொண்டு மேடையேறினால், மில்லில் கிரீஸ் துடைக்கிற ஆள் எங்கே போனான் என்று தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு கச்சேரியிலும் கடைசியில் கையைத் தூக்கி ரயில் ஊதுவான். ஒவ்வொரு தடவையும் அக்குளில் கிழியும்.

ரஃபு என்றால் தைப்பது இல்லை. கிழிந்த இடத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் ஊசியாலேயே மறுபடி நெய்வது. அதற்குக் கடை நூல் ஆகாது, அதே துணியின் நூல் வேண்டும். தையலுக்கு உள்ளே மடித்து விட்டிருக்கிற மிச்சத் துணியிலிருந்து ஒவ்வோர் இழையாக உருவி எடுப்போம். வெளியே பார்த்தால் கிழிந்ததே தெரியாது. சகாயத்தின் கோட்டுக்கு இத்தனை வருஷமும் அப்படித்தான் போட்டுக்கொண்டு வந்தேன்.

முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். கோட்டு கண்ணாடிக்குள் போகும், சகாயம் மில்லோடு நிற்பான். ஆனால் செல்போன் காலத்தில் எதை மறைக்க முடியும்? யாரோ எடுத்த கச்சேரி வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி முதலாளிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"எஸ்தரம்மா, இது ஜெர்ரி கோட்டு மாதிரியே இருக்குதே. டூப்பா இருக்குமா?"

"டூப் இல்ல மொதலாளி. அசலு."

"அவ்ளோ உறுதியா எப்படி சொல்றீங்க?"

"வருஷா வருஷம் நான்தான் ரஃபு போடுறேன்."

அவர் செல்போனைக் கீழே வைத்தார். "இத்தன நாளா சொல்லவே இல்லியேம்மா."

"நீங்க கேக்கவே இல்லியே."

கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் வீடியோவை மறுபடி ஓட விட்டார். சகாயம் கையைத் தூக்குகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். "ஒவ்வொரு மேடையிலயும் அது கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கினு இருக்குதும்மா. நாம பாத்துக்கினு இருக்கலாமா?" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை.

4. நூல் தீர்ந்தது

அந்த வருஷம் ஆடி பிறக்கும் முன்னே சகாயம் கட்டைப்பையோடு வந்தான். கோட்டைத் திருப்பி மடியில் விரித்தேன். அக்குளில் பழைய கிழிசலுக்குப் பக்கத்திலேயே புதுக் கிழிசல். லைனிங்கின் ஓரத்தைப் பிரித்து உள்மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தேன். மிச்சத் துணி தையல் வரைக்கும் தீர்ந்திருந்தது. ஊசியை ஏற்றிப் பார்த்தேன். ஊசி போனது, துணி பிய்ந்துகொண்டு வந்தது.

"இன்னாக்கா, பாத்துக்கினே இருக்கிற?"

"நூலு இல்ல சகாயம்."

"எந்தக் கடைன்னு சொல்லு, வாங்கியாறேன்."

"கடை நூலு ஆவாதுப்பா. புது நூலு பலசாலி, இந்தத் துணி நோஞ்சான். சேத்து வெச்சா சுத்தி இருக்கிறத்தையும் அறுத்துடும். இன்னொரு தபா நீ கையத் தூக்கினா முதுகு வரைக்கும் போயிடும்."

"அப்ப கையத் தூக்காம பாடட்டுமா?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவனும் நிறுத்திக்கொண்டான். கோட்டின் கையைத் தடவிக்கொண்டே, "இத்த மாட்டினாத்தான்கா நான் பாட்டுக்காரன். இல்லாட்டி மில்லுல எல்லாரும் ஏய் சகாயம்தான்" என்றான். கண் கலங்கிவிட்டது. அந்த வயதில் ஓர் ஆண் பிள்ளை எதிரே உட்கார்ந்து அழுவதைப் பார்ப்பது கஷ்டம். காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்து முதலாளியின் மாடி அறையைப் பற்றிச் சொன்னேன். அவன் கேட்கவே தயாராக இல்லை.

"ஆணியில மாட்டாதன்னு சொல்லிட்டுப் போனாருக்கா."

"ஆள்மேல மாட்டுறதுக்கு இனிமே கோட்டு இருக்காதுடா. அத்தயும் யோசி."

ஒரு வாரம் யோசித்தான். பிறகு மூன்று பேரும் மாடி அறையில் உட்கார்ந்தோம். முதலாளி பேரம் எதுவும் பேசவில்லை. "தம்பி, இதே மாதிரி ஒண்ணு என் தறியிலயே நெய்து தரேன். அதே அரக்கு, அதே கோபுரக் கரை. அதை போட்டுக்கினு நீ பாடு. இதுக்கு ஒண்ணும் ஆகாம நான் காப்பாத்துறேன்" என்றார். சகாயம் கோட்டின் காலரை ஒருமுறை தடவிவிட்டு, அவரிடம் தராமல் என்னிடம் தந்தான். நான்தான் அவரிடம் கொடுத்தேன்.

5. புதுக் கோட்டு

ஒரு கோட்டுக்கு மட்டும் பாவு போட முடியாது. பாவு ஏற்றினால் மூன்று புடவை நெய்தாக வேண்டும். முதல் துண்டு கோட்டுக்குப் போனது, மிச்சத்தைப் புடவையாக்கிக் கடையில் விற்றார்கள். எந்த ஊரிலோ இரண்டு பெண்கள், கட்டியிருப்பது ராக் அண்ட் ரோல் என்று தெரியாமலே கல்யாணங்களுக்குப் போய்வந்துகொண்டிருப்பார்கள். துணியில் ஒரு குறை சொல்ல முடியாது. சாயத்தை அசலோடு ஒட்டிப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் மூன்று தடவை மாற்றி எடுத்தார் முதலாளி. நல்ல டெய்லர் அளவெடுத்துத் தைத்தார்.

ஓரிக்கை பக்கம் ஆடித் திருவிழா மேடை. விளக்கு வைத்த நேரத்துக்கு நானும் முதலாளியும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். புதுப் பட்டு லைட்டில் நெருப்பாக ஜொலித்தது. கூட்டம் விசில் அடித்தது. சகாயம் பாடத் தொடங்கியதும்தான் கவனித்தேன். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவன் மாதிரி விறைப்பாக நிற்கிறான். சறுக்கல் பாதியில் நின்றது. கடைசியில் கையைத் தூக்கியபோது தோளோடு கோட்டே மேலே ஏறிக் காதை மூடியது. யாரோ சிரித்தார்கள். ரயில் ஊதவில்லை.

மேடைக்குப் பின்னால் போனேன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"உள்ள ஜில்லுன்னு இருக்குதுக்கா. வேற யாரு சட்டையிலயோ பூந்துட்ட மாதிரி."

மறுநாள் இரண்டு கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழைய கோட்டு தைத்த டெய்லர் ஆடுகிற ஆளுக்குத் தைத்திருக்கிறார். உள்ளே வியர்வையை உறிஞ்சும் பருத்திப் பாப்லின் லைனிங். அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்து, கை மேலே போக இடம் விட்டிருக்கிறார். புதியவர் மாப்பிள்ளைக்குத் தைக்கிற மாதிரி வழுக்குகிற லைனிங் போட்டிருந்தார். வியர்த்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். லைனிங்கைப் பிரித்து, புதுப் பாப்லின் வாங்கி, அதே சதுரம் வைத்துத் தைத்தேன். வெளியே பட்டையும் அதற்கேற்பத் தளர்த்திக் கொடுத்தேன்.

சகாயம் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலிலேயே கையைத் தூக்கிப் பார்த்தான். கை ஏறியது. ஒரு வரி பாடினான். நிறுத்திவிட்டான்.

"கை வந்துடுச்சுக்கா. பாட்டு வரல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாட்டுக்கு நான் எங்கடா ஒட்டுப் போடறது?" என்று கத்தினேன். அவன் கோட்டை மடித்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் டிசம்பர் கச்சேரிகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

துணிக்குள் ஆள் இருக்கிறான் என்கிற மாதிரி நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. துணி துணிதான், சாமியார் துணியானாலும் சரி. ஆனால் அவன் சொன்னது காதை விட்டுப் போகவில்லை. உள்ளே ஜில்லென்று இருக்கிறது என்றான். வெளியே என்ன இருக்கிறது என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பட்டையும் ஜரிகையையும் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கூட்டத்தில் இருந்த நாங்கள்தான். இத்தனை வருஷமும் அவன் உடம்புக்குத் தெரிந்த கோட்டு அந்த நைந்த பாப்லின் மட்டும்தான். ஜெர்ரி நனைத்துக் கொடுத்ததும் அதைத்தான்.

6. மேல்துணி, உள்துணி

புரட்டாசிக் கடைசியில் முதலாளியிடம் நேராகவே கேட்டேன். "அசலோட லைனிங்க பிரிச்சு புதுக் கோட்டுல வெச்சுத் தைக்கிறேன் மொதலாளி. கண்ணாடிப் பெட்டியில மேலதானே தெரியப் போவுது."

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். "கைக்குட்டைய பாலிஷ் போட்டு சாவடிச்சீங்க. இப்ப கோட்டு வயித்த கிழிக்கணுமா? அதுல இருக்கிற வேர்வைக்காகத்தானே நான் அதை வெச்சிருக்கிறேன்."

"அத்த பாலிஷ் போட்டது தணிகாசலம். நான் இல்ல."

"யாரா இருந்தா என்ன. முழுசா இருந்தாத்தான் அது ஜெர்ரி கோட்டு. ஒரு தையலும் பிரிக்கக் கூடாது."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். நான் மாடி அறைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஐப்பசி முழுக்க அந்தப் பக்கம் போகவில்லை. கடையிலிருந்து ஆள் வந்தபோது, மூட்டு வலி என்று சொல்லி அனுப்பினேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை முதலாளியே என் வீட்டுக்கு வந்தார். கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார், விபூதி ஈரம் காயவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும்.

"எங்க வீட்டுல வருஷா வருஷம் அம்பாளுக்கு ஒரு புடவை நெய்து சாத்துவோம், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்."

"சாத்தி எடுத்தப்புறம் அதை யாருக்காவது பிரசாதமா கொடுப்பாங்க. ஒரு வருஷம் எங்களுக்கே கொடுத்தாங்க. வீட்டுக்காரி வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை கட்டுவா. இன்னிக்கும் கட்டிக்கினு வந்தா. நுனியெல்லாம் நைஞ்சு போச்சு. எடுத்து வைக்கலாமேன்னேன். அம்பாள் கட்டினத கட்டிக்கத்தானே கொடுத்தாங்க, வைக்கறதுக்கா கொடுத்தாங்கன்னு கேக்குறா."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அந்த ஆளு பாடாம போயிட்டா, அந்தக் கோட்டை வெச்சுக்கினு நான் என்னத்த பாக்கிறது எஸ்தரம்மா? ஊசிய எடுத்துக்கினு வாங்க."

மாடி அறையில் வெள்ளைத் துணி விரித்து, கோட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பிரித்தேன். சகாயத்தையும் வரச் சொல்லியிருந்தோம். அவன் வாசற்படி அருகிலேயே நின்றான், ஆபரேஷனுக்கு வெளியே நிற்கிற ஆள் மாதிரி. கடைசித் தையல் விட்டதும் லைனிங் கையோடு வந்தது. அக்குளில் மஞ்சளாக, உப்புப் பூத்து, திட்டுத் திட்டாகக் கிடந்தது. அதில் எது ஜெர்ரியின் வியர்வை, எது சகாயத்தின் வியர்வை என்று எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. முதலாளி குனிந்து முகர்ந்து பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பட்டின் உள்பக்கம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ரஃபு மேலே தெரியாது, உள்ளே தெரியும். அக்குளைச் சுற்றி வலை வலையாக என் வேலை.

"இவ்ளோவாம்மா?" என்றார் முதலாளி. நானே அவ்வளவு இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது, வந்தது என்றே எழுதுகிறேன்.

லைனிங்கைப் புதுக் கோட்டில் வைத்துக் கையாலேயே தைத்தேன். துவைக்கவில்லை, தேய்க்கவில்லை, கதவில் ஒட்டிய சட்டப்படியே செய்தேன். முடித்ததும் சகாயம் உள்ளே கையை விட்டான். காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். பாடிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை, அவனும் பாடவில்லை. "வரேன்கா" என்றான், போட்ட கோட்டைக் கழற்றாமலேயே படியிறங்கிப் போய் பஸ் ஏறினான்.

டிசம்பரில் வாலாஜாபாத் சர்ச் மைதானத்தில் கச்சேரி. முதலாளி வேஷ்டி சட்டையோடு ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். கூட்ஸ் வண்டிப் பாட்டு கடைசியில்தான் வந்தது. சகாயம் சறுக்கினான், எழுந்தான், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஊதினான். மைதானமே ஊதியது. ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு விசில் வந்தது. திரும்பிப் பார்த்தால் முதலாளி, இரண்டு விரலையும் வாயில் வைத்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தும் எடுக்கவில்லை.

துணியைக் காக்கிற வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒரு துணி கைக்கு வந்தால் இது யார் போட்டது என்று எல்லோரும் கேட்பார்கள். இனிமேல் யார் போடப் போகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஊசியை எடுங்கள். சில துணிக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள், அதைப் பத்திரமாகப் பெட்டியில் வையுங்கள். யாராவது இருந்துவிட்டால் உங்கள் வேலை சிக்கலாகும், வம்பு வரும், முதலாளியோடு சண்டை போட வேண்டியிருக்கும். போடுங்கள்.

அரக்குக் கோட்டு இப்போது கண்ணாடிப் பெட்டியில், பஞ்சு வைத்த ஹேங்கரில் இருக்கிறது. கிழிசல் கிழிசலாகவே இருக்கிறது. கீழே வைக்கிற அட்டையில் என்ன எழுதுவது என்று முதலாளி இரண்டு நாள் யோசித்தார். அசல் என்று எழுதினால் பாதிப் பொய், நகல் என்றால் முழுப் பொய். கடைசியில் தன் கையாலேயே எழுதி வைத்தார். போய்ப் பார்க்கிறவர்கள் இன்றும் படிக்கலாம்:

"ஜெர்ரி தங்கையாவின் மேடைக் கோட்டு. மேல்துணி மட்டும். லைனிங் வேலைக்குப் போயிருக்கிறது."